புற்றுநோய் வலிக்கு டிரமடாலா, மார்ஃபினா, ஃபென்டனில் பேட்ச்சா?

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்தபின் எங்கள் வீட்டில் எடுக்கவேண்டியிருந்த முடிவுகளிலேயே மிகக் கடினமானது வலி மருந்து பற்றியதுதான். கீமோவையும் கதிர்வீச்சையும் மருத்துவர்கள் முடிவு செய்தார்கள், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். வலி மருந்து என்று வந்தபோது மட்டும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருந்தது. மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதுமே பெரிய மாமா, "அது கடைசி நாளில் கொடுக்கிற மருந்து, அதைத் தொட்டால் அப்புறம் ஆள் தேறாது" என்றார். அண்ணன், அமெரிக்காவில் இவ்வகை மருந்துகளுக்கு அடிமையாகிச் செத்தவர்களைப் பற்றிய செய்திகளை எடுத்து நீட்டினான். நானோ, டிரமடால் மாத்திரையை ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டு, இரவில் அம்மா முனகுவதைக் கேட்டபடி விழித்திருந்தேன். ஏழு வாரங்கள் அப்படியே போயின. அந்த ஏழு வாரங்களும் அவர் பட்டிருக்கவேண்டிய வலி இல்லை என்பது ஆய்வுகளைத் தேடிப் படித்தபிறகு எனக்குத் தெரிந்தது. இதே முடிவின் முன் இன்று நின்றுகொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எந்த நோயாளிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்லமுடியும். ஆனால் எழுதிக்கொடுத்த மருந்தை ஏற்பதா மறுப்பதா, எழுதிக்கொடுக்காதபோது கேட்பதா விட்டுவிடுவதா என்ற முடிவு நம் ஊரில் பெரும்பாலும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. டிரமடால், மார்ஃபின், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் மூன்றுமே ஓபியாய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தி மேலே போவதை அடக்குகின்றன. எதைத் தேர்ந்தாலும் பாராசிட்டமால், நரம்பு வலிக்கான காபாபென்டின் போன்றவை துணைக்கு வரலாம். எலும்பில் பரவிய கட்டியின் வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு முறை கொடுக்கப்படும் கதிர்வீச்சு, பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு இணையாக வலியைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. அதைக் கேட்டுப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நோயாளிக்குச் செய்யும் நியாயமாகாது.

டிரமடால்: எளிதில் கிடைப்பதே அதன் பலம்

டிரமடாலை 1977-இல் மேற்கு ஜெர்மனியின் க்ரூனெந்தால் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கென்று மூன்று படிகள் கொண்ட ஏணி முறையை வெளியிட்டது. முதல் படியில் பாராசிட்டமால் போன்றவை, இரண்டாம் படியில் கோடீன் முதலிய மென்மையான ஓபியாய்டுகள், மூன்றாம் படியில் மார்ஃபின். இந்தியாவில் அந்த இரண்டாம் படி நடைமுறையில் டிரமடாலின் இடமாகிவிட்டது. படிப்படியாகத்தான் ஏறவேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்கள் மனதிலும் குடும்பங்கள் மனதிலும் ஆழமாகப் பதிந்துவிட்டதால், பலர் இரண்டாம் படியிலேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

அங்கேயே நிற்பதில் உள்ள சிக்கல் அம்மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. டிரமடால் உடலுக்குள் போனபின், கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதை மாற்றித் தரும் பொருள்தான் வலியை அடக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. இந்த நொதியின் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும். மந்தமாக உள்ளவருக்கு மாத்திரை விழுங்கியும் பலன் குறைவு. மிக வேகமாக உள்ளவருக்கு அளவு மீறிப்போகும். இதே காரணத்தால் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கோடீனையும் டிரமடாலையும் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அறிவித்தது. மேலும், ஒரு நாளில் 400 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. போனால் வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேரும்போது மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அளவு ஏறிப்போய் வேறு ஆபத்தும் வரலாம். வாய்வழி டிரமடாலின் வீரியம் மார்ஃபினில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. அந்தக் கணக்குப்படி, உச்ச அளவான 400 மில்லிகிராம் டிரமடால் ஏறக்குறைய 40 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். வலி அதையும் தாண்டினால் டிரமடாலில் மேலே போக இடமே இல்லை. என் அம்மா அந்த உச்சத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், வாந்தியோடும் தலைச்சுற்றலோடும்.

இத்தாலியில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். நடுத்தர அளவில் வலி உள்ள 240 புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் குறைந்த அளவு மார்ஃபினும் மற்றவர்களுக்கு மென்மையான ஓபியாய்டுகளும் கொடுத்தார்கள். நான்கு வாரங்களில் மார்ஃபின் பிரிவில் 88 சதவீதம் பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. மற்ற பிரிவில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே குறைந்தது. பக்கவிளைவுகள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. புற்றுநோய் வலிக்கு டிரமடாலைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வும், கிடைத்துள்ள சான்றுகள் குறைவு, தரமும் தாழ்வு, மார்ஃபின் அளவுக்கு அது பலன் தருவதாகத் தெரியவில்லை என்றே 2017-இல் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில், ஏணியைப் பொதுவான வழிகாட்டலாக மட்டும் கொள்ளவேண்டும், நோயாளியின் வலி எவ்வளவோ அதற்கேற்ற இடத்திலிருந்து தொடங்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

ஆகவே டிரமடாலுக்கு உள்ள உண்மையான பலம், மருந்துச்சீட்டு இருந்தால் பெரும்பாலான மருந்துக்கடைகளில் கிடைக்கும் என்பதுதான். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டபின் கெடுபிடி கூடியிருந்தாலும், மார்ஃபினைத் தேடி அலைவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வலி மிதமாக இருந்து, சில நாட்களுக்கு மட்டும் தேவைப்படுகிறது என்றாலோ, மார்ஃபின் கிடைக்கும் மருத்துவமனைக்குப் போய்ச்சேரும் வரையிலோ அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மார்ஃபினைவிடப் பாதுகாப்பானது என்று நினைத்து அதிலேயே தங்கிவிடுவதுதான் தவறு.

மார்ஃபின் மாத்திரை

புற்றுநோய் வலிக்குக் கொடுக்கப்படும் ஓபியாய்டு மருந்து உடலுக்கு ஒத்துக்கொண்டால், 20 பேரில் 19 பேருக்கு இரண்டு வாரங்களுக்குள் வலி லேசான வலி என்ற நிலைக்கோ, அறவே இல்லை என்ற நிலைக்கோ இறங்கிவிடும் என்பது காக்ரேன் குழுவினர் 2017-இல் வந்தடைந்த முடிவு. பக்கவிளைவு தாங்காமல் மருந்தை மாற்றவேண்டியவர்கள் பத்தில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஒரு மருந்தைப் பற்றி இதைவிடத் தெம்பூட்டும் செய்தி புற்றுநோய்ச் சிகிச்சையில் அதிகம் கிடைப்பதில்லை.

எங்கள் வீட்டில் அது நடந்த விதத்தைச் சொல்கிறேன். வேறு மாவட்டத்தில் இருந்த மருத்துவமனை ஒன்றின் நோய் ஆதரவு சிகிச்சைப் (வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை) பிரிவில், 10 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார்கள். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுக் கொடுத்தார் அங்கிருந்த செவிலியர். இரவு 10 மணி வேளைக்கு மட்டும் இரட்டிப்பு அளவு. அதனால் நடுநிசி 2 மணிக்கு யாரும் எழுந்திருக்கவேண்டியதில்லை. இடையில் வலி முட்டிக்கொண்டு வந்தால் ஒரு வேளை அளவை அதிகமாகக் கொடுத்துவிட்டு, அதை நோட்டில் சிவப்பு மையில் குறிக்கவேண்டும். வலி வந்தபின் ஓடிப்போய்க் கொடுக்காமல், வருமுன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்பதை அவர் மூன்று முறை சொன்னார். முதல் மூன்று நாள் அம்மா தூங்கிக்கொண்டே இருந்தார். பெரிய மாமா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் அம்மா எழுந்து கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டு முருங்கைக்கீரையை முழுக்க ஆய்ந்து முடித்தார். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் பத்து நிமிடங்கள் சேர்ந்தாற்போல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தத் தூக்கம் மருந்தின் மயக்கம் மட்டுமே என்று நாங்கள் பயந்தோம்; ஏழு வாரம் தூங்காதவர் தூங்கித் தீர்த்தார் என்பதும் அதில் பெரிய பங்கு என்று செவிலியர் பிறகு விளக்கினார்.

தூக்கமும் குமட்டலும் பெரும்பாலானோருக்கு முதல் சில நாட்களில் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மருந்து இருக்கும் வரை அதுவும் இருக்கும். ஆகையால் மார்ஃபின் சீட்டு எழுதப்படும் அன்றே மலமிளக்கியும் எழுதப்படவேண்டும். எழுதப்படவில்லை என்றால் கேட்டு வாங்கவேண்டும். பைசகோடில் போன்று குடலை அசைக்கும் மருந்து இதற்குப் பொருந்தும். இசப்கோல் போதும் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் அதிகம் குடிக்கமுடியாத நோயாளிக்கு அது குடலில் இறுகி நிலைமையை மோசமாக்கக்கூடும். மலச்சிக்கல் தாங்காமலேயே மார்ஃபினை நிறுத்திவிட்டு வலிக்குத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், இது சின்ன விஷயமாகத் தோன்றினாலும் முடிவையே மாற்றிவிடுகிற விஷயம்.

மார்ஃபினுக்கு உச்ச அளவு என்று பொதுவான ஓர் எல்லை கிடையாது. வலிக்கேற்பச் சிறுகச் சிறுக ஏற்றலாம், வலி குறைந்தால் இறக்கலாம். அப்படி ஏற்றப்படும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. கடைசி நாளில் கொடுக்கப்படும் மருந்து என்ற எண்ணம் எப்படி வந்தது என்றால், கடைசி நாள் வரை கொடுக்காமல் வைத்திருந்ததால் வந்தது. மூச்சு மந்தமாகும் ஆபத்து, அளவை ஒரேயடியாகக் கூட்டுகிறவர்களுக்கும், மது, தூக்க மாத்திரை ஆகியவற்றைச் சேர்த்து எடுப்பவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் உண்மையாகவே இருக்கிறது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மார்ஃபினின் கழிவுப்பொருட்கள் உடலில் தேங்கி, கை கால் வெட்டி இழுப்பது, குழப்பம், எழுப்பமுடியாத தூக்கம் என்று காட்டும். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் அவ்வப்போது பார்ப்பது இதற்காகத்தான்.

மலிவில் மார்ஃபினை எதுவும் மிஞ்சமுடியாது. ஒரு மாத்திரை சில ரூபாய்தான். நோய் ஆதரவு மையங்கள் பலவற்றில் இலவசமாகவே தருகிறார்கள். கிடைப்பதுதான் பாடு. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்றை வாங்குவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். தவறு நேர்ந்தால் பத்தாண்டுச் சிறை என்ற பயத்தில் மருந்துக்கடைகள் அதை வைப்பதையே நிறுத்தின. சட்டம் வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் வீழ்ந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் அனுமதியோடு கசகசாச் செடி பயிரிட்டு, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகளே மார்ஃபினின் மூலப்பொருளான அபினைப் பதப்படுத்தும் ஒரு நாட்டில், நம் நோயாளிகளுக்கு அந்த மருந்து எட்டவில்லை. கேரளத்தில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என வகுக்கப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதியோடு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றானது. எனவே தெருமுனை மருந்துக்கடையில் கேட்டுப் பயனில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை அருகில் எது என்று கேட்கவேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சேவையும் அடங்கும் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிப்பது நல்ல தொடக்கம்.

ஃபென்டனில் பேட்ச்

வசதியுள்ள குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். மாத்திரை வேண்டாம், நேரம் பார்க்கவேண்டாம், தோலில் ஒட்டிவிட்டால் மூன்று நாளைக்குக் கவலையில்லை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மார்ஃபின் என்ற பெயரும் அதில் இல்லை, உறவினர்கள் பயப்படுவதில்லை. ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது என்பது அவர்களுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ.

பலனைப் பொறுத்தவரை பேட்ச்சுக்குக் கூடுதல் தகுதி எதுவும் இல்லை. மார்ஃபின், ஆக்சிகோடோன், ஃபென்டனில் பேட்ச், பியூப்ரெனார்ஃபின் பேட்ச் ஆகிய நான்கையும் 520 புற்றுநோயாளிகளிடம் ஒப்பிட்ட இத்தாலிய ஆய்வு 2016-இல் வெளியானது. நான்கு வாரங்களில் வலி குறைந்த அளவில் நான்குக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மலச்சிக்கல் மட்டும் ஃபென்டனிலில் சற்றுக் குறைவு என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. விலையோ, ஒரு பேட்ச்சுக்கே நூற்றுக்கணக்கான ரூபாய். மாதம் பத்து வேண்டும்.

அதன் பெரிய குறை மந்தம். ஒட்டியபின் முழுப் பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எடுத்தெறிந்த பிறகும் தோலடியில் சேர்ந்திருக்கும் மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். வலி நாளுக்கு நாள் மாறும் நிலையில், இன்று கூட்டி நாளை குறைக்க அதில் வழியில்லை. இதற்கு முன் ஓபியாய்டு எதுவும் எடுத்துப் பழகாத ஒருவருக்கு முதல் மருந்தாகவே பேட்ச்சை ஒட்டுவது ஆபத்து. மணிக்கு 25 மைக்ரோகிராம் தரும் பேட்ச் ஏறக்குறைய நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வாய்வழி மார்ஃபினுக்குச் சமமானது என்று கணக்கிட்டால் அதன் காரணம் விளங்கும். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும். காய்ச்சல், வெந்நீர் ஒத்தடம், சித்திரை வெயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது எல்லாமே இதில் சேரும். மாறாக, உடல் மிகவும் மெலிந்துபோனவர்களுக்குத் தோல் வழியே மருந்து குறைவாகவே உறிஞ்சப்படுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள்.

இத்தனையும் இருந்தும், அம்மாவின் கடைசி ஆறு வாரங்களில் எங்களுக்குக் கைகொடுத்தது பேட்ச்தான். கிரியாட்டினின் ஏறத் தொடங்கியது, விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. ஃபென்டனில் சிறுநீரகத்துக்கு மார்ஃபின் அளவுக்குச் சிக்கல் தருவதில்லை. அதற்குள் அவருக்குத் தேவைப்படும் அளவு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் என்று நோட்டில் தெளிவாகப் பதிவாகியிருந்ததால், மருத்துவரால் தயங்காமல் 25 மைக்ரோகிராம் பேட்ச்சுக்கு மாற்றமுடிந்தது. முதல் பன்னிரண்டு மணி நேரம் மார்ஃபினையும் தொடரச் சொன்னார். வைகாசி மாதம்; வியர்வையில் ஓரங்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் தோலைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, நான்கு ஓரங்களிலும் மைக்ரோபோர் (மருத்துவ ஒட்டு நாடா) ஒட்டுவதற்குப் பழகிக்கொண்டேன்.

பியூப்ரெனார்ஃபின் பேட்ச் ஏழு நாள் தாங்கும், சிறுநீரகத்துக்கும் ஏற்றது. ஆனால் நம்மிடம் வழக்கமாகக் கிடைக்கும் அளவுகள் கடும் வலிக்குப் போதாமல் போகலாம். மெத்தடோன் மலிவானது, நரம்பு வலியில் உதவுவதும் உண்டு. உடலில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதாலும், இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதாலும், கைதேர்ந்த நிபுணரின் கையில் மட்டும் இருக்கவேண்டியது.

அடிமையாகிவிடுவார்களா?

என் அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது. அதை அலட்சியமாகத் தள்ளிவிடுவது அமெரிக்காவில் நடந்த தவற்றையே திரும்பச் செய்வதாகும். 1980-இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் அடிமையானவர்கள் நால்வர் மட்டுமே என்று அது சொன்னது. மருத்துவமனைக் கட்டிலில் சில நாள் மருந்து பெற்றவர்களைப் பற்றிய அந்தச் செய்தியை, வீட்டில் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களுக்கும் பொருந்தும் என்பதுபோல் எடுத்தாண்டார்கள். அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளை 2017-இல் ஆராய்ந்தபோது, 72 சதவீதம் அதை அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகவே காட்டியிருந்தது தெரிந்தது. 1996-இல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைக் கொண்டுவந்த பர்டியூ ஃபார்மா நிறுவனம், அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி முதுகுவலி, மூட்டுவலிக்கெல்லாம் அதை விற்றது. 2007-இலும் 2020-இலும் அது நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் நிலைமை கைமீறி, பிறகு ஹெராயினும் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட ஃபென்டனிலும் சேர்ந்துகொண்டு, 2021-இல் மட்டும் போதைப்பொருள் மிகையால் அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தக் கொடுமை தொடங்கியது எந்த வலியில் என்று பார்க்கவேண்டும். நாள்பட்ட முதுகுவலி, இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலி உள்ள 240 பேரிடம் ஓராண்டு நடத்தி 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓபியாய்டு எடுத்தவர்கள் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் மற்றவர்களைவிட எந்த வகையிலும் மேம்படவில்லை. வலி அளவிலோ, ஓபியாய்டு எடுக்காதவர்களே சற்று நன்றாக இருந்தார்கள். திடீரென வந்த முதுகுவலி, கழுத்துவலிக்கு ஆஸ்திரேலியாவில் 347 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்விலும், ஓபியாய்டுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் ஆறு வாரத்தில் வேறுபாடு இல்லை. ஓராண்டு கழித்துத் தவறான பயன்பாட்டுக்கான அறிகுறிகள் தெரிந்தவர்கள் மட்டும் ஓபியாய்டு பிரிவில் 20 சதவீதம், மற்றதில் 10 சதவீதம். நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுப்பவர்களில் 8 முதல் 12 சதவீதம் பேர் அடிமையாவதாக 2015-இல் ஒரு மதிப்பாய்வு கணக்கிட்டது. பலன் இல்லாத இடத்தில் இவ்வளவு ஆபத்து என்றால் அந்த வலிகளுக்கு இம்மருந்து வேண்டாம் என்பதே சரியான முடிவு. புற்றுநோய் வலியில் தராசின் மறுதட்டில் 20 பேரில் 19 பேருக்குக் கிடைக்கும் நிவாரணம் இருக்கிறது. அங்கே அதே ஆய்வுகளைக் காட்டி மருந்தை மறுப்பது பொருந்தாது.

நம்மிடம் இது தலைகீழாக நடக்கிறது என்பதுதான் என் வருத்தம். முழங்கால் வலிக்கு டிரமடால் தாராளமாக எழுதப்படுகிறது. எலும்பு முழுக்கப் பரவிய புற்றுநோய்க்கு மார்ஃபின் தயங்கித் தயங்கி வருகிறது, அல்லது வருவதே இல்லை. தேவைப்படும் வலிநிவாரண ஓபியாய்டில் 4 சதவீதம்தான் இந்தியாவில் நோயாளிகளுக்குக் கிடைக்கிறது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் கணக்கிட்டது. இன்னொரு பக்கம், மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், நாட்டு மக்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேர் மருந்து வடிவிலான ஓபியாய்டுகளைப் போதைக்காகப் பயன்படுத்துவது தெரியவந்தது. டபென்டடால் என்ற ஓபியாய்டு மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் தொடர்ந்து வருகின்றன. தட்டுப்பாடும் தவறான பயன்பாடும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கின்றன.

புற்றுநோயாளிக்கு ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லவரவில்லை. உடல் மருந்துக்குப் பழகிப்போவதும், திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் வருவதும் எல்லோருக்கும் நடக்கும். அது அடிமைத்தனம் ஆகாது, மெல்லமெல்லக் குறைத்தால் சரியாகிவிடும். வலி அடங்கிய பின்பும் கேடு தெரிந்தும் மருந்தைத் தேடி அலையும் நிலைதான் அடிமைத்தனம். முன்பே மதுவுக்கோ வேறு போதைக்கோ பழகியவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். புற்றுநோய் குணமாகி, வலி மட்டும் தங்கிவிட்டவர்களின் நிலை வேறு. ஆண்டுகள் வாழப்போகிற அவர்களுக்கு நாள்பட்ட வலிக்கான எச்சரிக்கைகள் அனைத்தும் பொருந்தும்.

நடுத்தரத்துக்கு மேற்பட்ட வலி, விழுங்க முடிகிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் மார்ஃபின் மாத்திரையில் தொடங்குவது. அளவு நிலைப்பட்டபின், விழுங்க முடியாமலோ சிறுநீரகம் தளர்ந்தோ போனால் பேட்ச்சுக்கு மாறுவது. டிரமடாலை இடைவழியாக மட்டும் கொள்வது என்பதே இந்த ஆய்வுகளையும் எங்கள் அனுபவத்தையும் வைத்து நான் வந்தடைந்த முடிவு. தவறான பயன்பாடு பற்றிய ஆராய்ச்சி இந்த முடிவை மாற்றவில்லை; வீட்டில் மருந்தை எப்படி வைத்திருக்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்தது. சீட்டு எழுதுபவர் ஒரே மருத்துவராக இருக்கவேண்டும். மாத்திரைகளைப் பூட்டிவைத்து, நாள்தோறும் எண்ணி எழுதவேண்டும். வீட்டில் குடிப்பவரோ வளரும் பிள்ளைகளோ இருந்தால் சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்கவேண்டும். பயன்படுத்திய பேட்ச்சிலும் மருந்து மிச்சமிருக்கும். கீழே கிடந்த பேட்ச்சை எடுத்து ஒட்டிக்கொண்டோ வாயில் போட்டுக்கொண்டோ பாதிக்கப்பட்ட குழந்தைகள் 26 பேர், அவர்களில் 10 பேர் இறந்துவிட்டார்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் அறிவித்தது. ஆகவே எடுத்த பேட்ச்சைப் பசை உள்ளே வரும்படி இரண்டாக மடித்து ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்தவேண்டும்.

எங்கள் வீட்டில் பழைய முறுக்கு டப்பா ஒன்றில் மாத்திரைகளை வைத்து, பீரோவில் பூட்டியிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அந்த டப்பாவை மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். பிரிக்காத பேட்ச் இரண்டு, மார்ஃபின் மாத்திரை முப்பத்துநான்கு. செவிலியர் அட்டைகளை மேசையில் பரப்பி இரண்டு முறை எண்ணினார், பதிவேட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நோட்டை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தேன்.